வீட்டு நீராவி பாய்லர்: அழுத்தத்தைச் சரியாக வைப்பது எப்படி

மாடி அறை ரேடியேட்டர் (நீராவியால் அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனம்) சூடாகவில்லை என்றதும், கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் பாய்லரில் இருக்கும் சிறு சாம்பல் நிறப் பெட்டியைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிவிட்டு வருவது பல வீடுகளில் நடக்கிறது. தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பதைப் போன்ற வேலை அது. நியூயார்க், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, சிகாகோ பக்கத்துப் பழைய வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் நீராவி அமைப்புகள் 2 பிஎஸ்ஐக்கும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) குறைவான அழுத்தத்தில் ஓடக் கட்டப்பட்டவை. அங்கே பெரும்பாலும் தேவைப்படுவது குறைக்கும் வேலைதான். குறைத்த பிறகும் ஓர் அறை குளிர்ந்தே கிடந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடும் வழியும் கீழே வருகிறது.

பாய்லரில் உள்ள அழுத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, தயாரிப்பாளர் யாராக இருந்தாலும், பிரஷர்ட்ரால் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிஎஸ்ஐ அளவில் இல்லாமல் அவுன்ஸ் அளவில் துல்லியமாக வேலை செய்யும் அதன் உடன்பிறப்புக்கு வேப்பர்ஸ்டாட் என்று பெயர். 16 அவுன்ஸ் சேர்ந்தது 1 பிஎஸ்ஐ. இந்தப் பெட்டியை ஆக்ஸிலரேட்டர் என்று நினைக்கக் கூடாது, இது பிரேக். நீராவியை இது தள்ளுவதில்லை. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் பர்னரை அணைக்கும், இறங்கினால் மறுபடி எரிய விடும். அவ்வளவுதான் இதன் வேலை.

அழுத்தத்தைக் கூட்டினால் ஏன் சூடு கூடாது

ரேடியேட்டருக்குள் நுழையும் ஒரு பவுண்டு நீராவி நீராக மாறும்போது ஏறத்தாழ 970 பிடியு (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பத்தைக் கொடுக்கிறது. அறை சூடாவது இதனால்தான். அழுத்தம் கூடினால் நீராவியின் வெப்பநிலை கொஞ்சம் ஏறும்: கேஜில், அதாவது அழுத்தமானியில், பூஜ்யம் என்றால் 212 டிகிரி ஃபாரன்ஹீட், 2 பிஎஸ்ஐயில் சுமார் 219, 5 பிஎஸ்ஐயில் சுமார் 227, 10 பிஎஸ்ஐயில் சுமார் 239. பத்து பிஎஸ்ஐ வரை ஏற்றினாலும் கிடைக்கும் ஆதாயம் 27 டிகிரிதான். அதற்காகும் எரிபொருளையும் அது செய்யும் கேட்டையும் பார்த்தால் அந்த ஆதாயம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, அழுத்தம் கூடினால் நீராவி வேகமாகப் போகும் என்ற நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு. பூஜ்ய அழுத்தத்தில் ஒரு பவுண்டு நீராவி சுமார் 26.8 கன அடி இடத்தை அடைத்துக்கொள்ளும். 10 பிஎஸ்ஐயில் அதே ஒரு பவுண்டு 16.5 கன அடிக்குள் சுருங்கிவிடும். பாய்லர் மணிக்கு உண்டாக்கும் நீராவியின் எடை மாறவில்லை, கன அளவு மட்டும் குறைந்துவிட்டது. ஆகவே அதே குழாயில் அது மெதுவாகத்தான் நகரும். நீராவிக்கு முன்னால் குழாயில் காற்று அடைந்து கிடந்தால் அழுத்தம் அந்தக் காற்றை ஸ்பிரிங் மாதிரி அமுக்கி வைக்குமே தவிர வெளியேற்றாது. காற்று வெளியேறுவதற்கு வென்ட், அதாவது காற்றை வெளியே விட்டு நீராவியை அடைக்கும் சிறு வால்வ், வேண்டும்.

மிகை அழுத்தத்தின் மோசமான விளைவு தண்ணீரில் தெரியும். ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் சுமார் 28 அங்குல உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தும். ரேடியேட்டர்களில் நீராவி குளிர்ந்து உண்டாகும் நீர் தன் எடையால் மட்டுமே பாய்லருக்குத் திரும்ப வேண்டும். பாய்லருக்குள் இருக்கும் அழுத்தம் அதை எதிர்த்துத் தள்ளுகிறது. நீராவி வர ஒரு குழாயும் நீர் திரும்ப இன்னொரு குழாயும் (ரிட்டர்ன்) உள்ள, ரிட்டர்ன் பக்கம் அழுத்தமே இல்லாத இரட்டைக் குழாய் அமைப்பில் 2 பிஎஸ்ஐ என்றால் ரிட்டர்ன் குழாயில் நீர் பாய்லர் நீர்மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 5 அடி நிற்கும். 5 பிஎஸ்ஐ ஆக்கினால் 12 அடி நிற்க வேண்டும். கீழ்த்தளத்தின் கூரையே அவ்வளவு உயரம் இருக்காது. அந்த நீர், நீராவியைக் கொண்டுபோகும் மெயின் குழாய்க்குள் ஏறும், நீராவி அதை அறையும், சுத்தியலால் குழாயை அடிப்பது போன்ற சத்தம் நள்ளிரவில் வீட்டையே எழுப்பும். பாய்லரில் நீர் குறைந்ததாகக் காட்டும், தானியங்கி ஃபீடர் புது நீரை விடும். பிறகு அழுத்தம் இறங்கும்போது தேங்கியிருந்த நீர் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து பாய்லரை நிரப்பிவிடும். ‘பாய்லர் தானாக நிரம்பிவிடுகிறது’ என்ற புகாருக்குப் பின்னால் ஃபீடர் கோளாறு மட்டுமல்லாமல் இதுவும் இருக்கக்கூடும்.

நீராவி வருவதும் நீர் திரும்புவதும் ஒரே குழாயில் நடக்கும் ஒற்றைக் குழாய் அமைப்பில் ரேடியேட்டர் வென்ட்களும் அடிவாங்குகின்றன. ஒவ்வொரு வென்ட்டுக்கும் ஓர் எல்லை அழுத்தம் உண்டு. அதற்கு மேல் போனால், உள்ளே இருப்பது குளிர்ந்துவிட்ட பிறகும் மிதவை கீழே விழாது, வென்ட் மூடியபடியே நிற்கும். அந்த ரேடியேட்டர் அன்றைக்கு அவ்வளவுதான். அழுத்தத்தைக் கூட்டியதால் ஓர் அறை குளிர்ந்துபோவது இப்படித்தான்.

முதலில் எந்தப் பெட்டி என்று பாருங்கள்

இரண்டு வகை எண் முறை உண்டு. இதைக் குழப்பிக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. கட்-இன் என்பது பர்னர் மறுபடி பற்றும் அழுத்தம். கட்-அவுட் என்பது அணையும் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டிஃபரன்ஷியல்.

வீடுகளில் அதிகம் காணப்படும் ஹனிவெல் பிஏ404ஏ கூட்டல் வகை. முன்பக்கத்து அளவுகோலில் தெரிவது கட்-இன், அதைத் திருப்பும் திருகு பெட்டியின் தலையில் இருக்கும். டிஃபரன்ஷியல் மூடிக்குள் மறைந்திருக்கும் வெள்ளைச் சக்கரத்தில் 1 முதல் 5 வரை எழுதியிருக்கும். கட்-இன் 0.5, சக்கரம் 1 என்றால் பர்னர் 1.5 பிஎஸ்ஐயில் அணையும். வெளியே 0.5 என்று பார்த்துத் திருப்தியடைந்து மூடியைத் திறக்காமலே விட்டுவிடுபவர்கள் உண்டு. உள்ளே சக்கரம் 4இல் இருந்தால் அந்த பாய்லர் 4.5 பிஎஸ்ஐ வரை ஏறிக்கொண்டிருக்கும்.

எல்404 வரிசையில் கழித்தல் வகை உண்டு. அங்கே பிரதான அளவுகோல் கட்-அவுட். டிஃபரன்ஷியலை அதிலிருந்து கழித்தால்தான் கட்-இன் வரும். எல்408ஜே வேப்பர்ஸ்டாட்டும் இந்தக் கழித்தல் வகைதான். இதில் பிரதான அளவை 12 அவுன்ஸில், டிஃபரன்ஷியலை 8இல் வைத்தால் 12இல் அணைந்து 4இல் பற்றும். டிஃபரன்ஷியலைப் பிரதான அளவுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வைத்துவிட்டால் ஒருமுறை அணைந்த பர்னர் மறுபடி பற்றாமலே போகலாம். வீடு ஏன் குளிர்கிறது என்று விடிய விடியத் தேட வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் மூடியின் உட்புறத்து ஸ்டிக்கரில் கூட்டலா கழித்தலா என்று பாருங்கள்.

இரண்டு பெட்டிகள் இருந்தால் ஒன்றில் ரீசெட் பொத்தான் இருக்கிறதா என்று கவனியுங்கள். அது காவல் பெட்டி. வேலை செய்யும் பெட்டியைவிட உயரத்தில்தான் அதை வைக்க வேண்டும், வழக்கமாக 3 பிஎஸ்ஐ அளவில். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் காவல் பெட்டி துள்ளிக்கொண்டு, யாராவது போய் அழுத்தும் வரை பாய்லர் செத்துக் கிடக்கும்.

பன்றிவாலைத் துப்புரவு செய்யாமல் எதையும் திருப்பாதீர்கள்

பெட்டிக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரு சுருள் குழாய் இருக்கும். ஆங்கிலத்தில் பிக்டெய்ல் என்பார்கள், நம் சொல்லில் பன்றிவால். சுருளில் தேங்கும் தண்ணீர்தான் பெட்டியின் உள்ளிருக்கும் மெல்லிய உறுப்பை நீராவியின் சூட்டிலிருந்து காக்கிறது. அந்த நீரோடு துருச் சேறும் சேர்ந்து, ஒரு சில ஆண்டுகளில் வழியை அடைத்துவிடும். அடைந்துவிட்டால் பாய்லருக்குள் என்ன அழுத்தம் இருந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. பர்னர் எரிந்துகொண்டே இருக்கும், மிஞ்சி நிற்பது 15 பிஎஸ்ஐ சேஃப்டி வால்வ் ஒன்றுதான். எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் பன்றிவாலைக் கழற்றிப் பாருங்கள் என்பது அதனால்தான்.

பாய்லரை முழுதாக ஆறவிட்டு, கேஜ் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று உறுதி செய்து, அவசர சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். எண்ணெய் பர்னர் உள்ள பாய்லர்களில் கட்டுப்பாட்டு வயரில் 120 வோல்ட் ஓடலாம், கேஸ் பாய்லர்களில் வழக்கமாக 24 வோல்ட். எதுவானாலும் மின்சாரத்தை அணைத்தபிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். வயர்கள் இருக்கும் நிலையை ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பெட்டியைக் கையால் பிடித்துத் திருக்கக் கூடாது. அடியில் ஆறுமுகப் பித்தளை இருக்கும், ஸ்பானரை அதில் போட்டு, இன்னொரு ஸ்பானரால் பன்றிவாலைப் பிடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். பெட்டியின் உடம்பைப் பிடித்து முறுக்கினால் அளவு தவறிவிடும், சில சமயம் உள்ளே கிழிந்தே போகும்.

பன்றிவால் பெரும்பாலும் கால் அங்குலக் குழாய். மெல்லிய வளையும் கம்பியைச் செலுத்தி, தண்ணீர் விட்டு அலசி, ஊதிப் பார்த்தால் மூச்சு தடையில்லாமல் போக வேண்டும். கம்பி சுருளைத் தாண்டவில்லை என்றால் நேரம் செலவழிக்காமல் புதிதாகப் போட்டுவிடுங்கள். அது மலிவான சாமான். அது வந்து சேரும் பாய்லர் துவாரத்தையும் மறக்காதீர்கள். அந்தத் துவாரமும் துருவால் அடைந்திருக்கலாம், ஸ்குரூடிரைவரால் சுரண்டி விட வேண்டும். பன்றிவாலைத் திரும்பப் பூட்டிய பிறகு மேலிருந்து தண்ணீர் ஊற்றிச் சுருளை நிரப்பி, அதன் மேல் பெட்டியைப் பொருத்துங்கள். வறண்ட சுருளோடு பாய்லரைப் பற்றவைத்தால் முதல் நீராவி நேரே பெட்டிக்குள் நுழையும். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றினால் முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள். உள்ளே பிய்ந்து விழும் துண்டும் அடைப்பாகும்.

பழைய பெட்டியில் கண்ணாடிக் குமிழில் பாதரசம் இருக்கலாம். அது நூலளவும் சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். மட்டம் பார்க்கும் குறி உள்ளேயே இருக்கும். இந்த வகையில் சுருளின் வளையம் பெட்டியின் முகத்துக்குக் குறுக்கான திசையில் அமைந்திருக்க வேண்டும். சூட்டில் சுருள் விரியும்போது குமிழ் பக்கவாட்டில் சாய்ந்து அளவு மாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. பாதரசப் பெட்டியை மாற்றினால் பழையதைக் குப்பையில் போடக் கூடாது, அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும்.

சின்ன கேஜ் ஒன்று

பாய்லரோடு வரும் 0 முதல் 30 பிஎஸ்ஐ வரையிலான கேஜ் விதிகளுக்காக இருக்கிறது, கழற்றக் கூடாது. ஆனால் நாம் பார்க்க வேண்டிய 1 பிஎஸ்ஐ பகுதியில் அதன் முள் தூங்கிக்கொண்டிருக்கும். பன்றிவாலின் தலையில் கால் அங்குல டீ (T வடிவ இணைப்பு) பொருத்தி, ஒரு கையில் பெட்டியும் மற்றொன்றில் 0 முதல் 3 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜும் போட்டுவிடுங்கள். வேப்பர்ஸ்டாட் இருந்தால் அவுன்ஸில் காட்டும் கேஜ் இன்னும் நல்லது. இந்த ஒரு சாமான் இல்லாமல் செய்யும் எந்தத் திருத்தமும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான். பெட்டியின் முகத்தில் அச்சடித்த எண்கள் தோராயமானவை. கேஜ் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

திருப்பும் வேலை

மின்சாரம் அணைந்த நிலையில், பிஏ404ஏயின் முன் திருகைக் கழற்றி மூடியை எடுங்கள். வெள்ளைச் சக்கரத்தை விரலால் உருட்டி 1 என்ற எண் முன்னால் தெரியும்படி வையுங்கள். அடுத்து தலையில் இருக்கும் திருகை ஸ்குரூடிரைவரால் மெதுவாகத் திருப்பி, அளவுகோலின் குறி 0.5இல் வந்து நிற்கும்படி செய்யுங்கள். அங்கேயே நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் திருகு உள்ளிருக்கும் நெம்புகோலை விட்டுக் கழன்றுகொள்ளும், பெட்டி பயனற்றுப் போகும். இன்னும் கீழே போக வேண்டும் என்றால் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டாமல் வேப்பர்ஸ்டாட் மாட்டிவிடுவதுதான் வழி.

பிஏ404ஏயில் டிஃபரன்ஷியலை 1க்கும் குறைவாகக் கொண்டுபோக முயலாதீர்கள். பற்றும் அழுத்தமும் அணையும் அழுத்தமும் நெருங்கிவிட்டால் பர்னர் நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு முறை பற்றும்போதும் பர்னருக்கும் வால்வுக்கும் தேய்மானம்.

ஒற்றைக் குழாய் வீட்டுக்கு 0.5 - 1.5 அமைப்பு ஏறக்குறைய எப்போதும் போதும். முழுக்க அவுன்ஸில் ஓடக் கட்டப்பட்ட வேப்பர் வகை இரட்டைக் குழாய் வீடுகளுக்கு வேப்பர்ஸ்டாட்தான் ஒத்துவரும். அங்கே 8 முதல் 12 அவுன்ஸில் அணைவது நல்ல தொடக்கம். இப்படிப்பட்ட அமைப்பைப் பெரிய பிஎஸ்ஐ பெட்டியோடு விட்டுவிட்டால் ரிட்டர்ன் குழாய்களில் நீர் நிற்கும் சண்டை ஓயவே ஓயாது.

சரியாகத் திருப்பினோமா என்று பார்ப்பது

மூடியை மாட்டி, மின்சாரத்தை விட்டு, கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தைப் பாருங்கள். தயாரிப்பாளரின் குறி இருந்தால் அதுவே சரி, இல்லையென்றால் கண்ணாடியின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. தெர்மோஸ்டாட்டை ஐந்து டிகிரி ஏற்றிவிட்டுக் கேஜ் முன்னால் உட்காருங்கள். முதலில் நீர் கொதிக்கும், பிறகு பாய்லருக்கு மேலிருக்கும் தடித்த குழாய் சூடாகும், அதன் பின் மெயின் நிரம்பும். இந்த நேரம் முழுக்கக் கேஜ் ஒன்றிரண்டு அவுன்ஸுக்கு மேல் காட்டக் கூடாது. ரேடியேட்டர்கள் நிரம்பிய பிறகுதான் அழுத்தம் ஏறத் தொடங்க வேண்டும். 1.5 அளவில் பர்னர் அணைய வேண்டும், அரை பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கியதும் பற்ற வேண்டும்.

முள் 2ஐத் தாண்டி 3ஐ நோக்கிப் போகிறது, பர்னர் எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். அவசர சுவிட்சை அணையுங்கள். பன்றிவால் மறுபடி அடைந்திருக்கலாம், பெட்டி கெட்டிருக்கலாம், அல்லது வயரிங்கில் பெட்டியைத் தவிர்த்து யாரோ குறுக்கு இணைப்புப் போட்டிருக்கலாம். பெட்டியைக் கழற்றி, மல்டிமீட்டரை அதன் முனைகளில் வைத்து, சுத்தமான ரப்பர் குழாய் வழியாக வாயால் ஊதிப் பார்க்கலாம். வேப்பர்ஸ்டாட்டில் ஒரே ஊதலில் தொடர்பு துண்டிக்கப்படும். பிஎஸ்ஐ பெட்டிக்குக் கன்னம் உப்ப ஊத வேண்டியிருக்கும்.

கேஜ் ஒருபோதும் ஏறாமலே தெர்மோஸ்டாட் திருப்தியாகி அணைந்துவிடுகிறதா? அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாய்லரும் ரேடியேட்டர்களும் பொருந்தி இருக்கின்றன, பிரேக்குக்கு வேலையே இல்லை. இதைவிட நல்ல நிலை கிடையாது.

கேஜ் என்ன சொல்கிறது

பர்னர் அழுத்தத்தால் எப்போது அணைகிறது என்பதில் நோயின் பெயரே எழுதியிருக்கிறது. மெயின் குழாயின் கடைசி முனை சூடாகும் முன்பே அணைந்தால் காற்று வெளியேற வழி போதவில்லை. 2 அங்குலக் குழாய் 40 அடி நீளம் இருந்தால் அதில் ஏறத்தாழ ஒரு கன அடி காற்று அடைந்திருக்கும். அது முழுதும் மெயினின் கடைசியில் இருக்கும் வென்ட் வழியாக ஒரு நிமிடத்துக்குள்ளோ கொஞ்சம் கூடுதலான நேரத்திலோ போய்விட வேண்டும். பல வீடுகளில் அங்கே ரேடியேட்டருக்குரிய சிறு வென்ட் ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் முப்பது வருடமாகத் திறக்காத துருப்பிடித்த ஒன்று. பெரிய மெயின் வென்ட்டுகள் போட்டதும், அழுத்தப் பெட்டியைத் தொடாமலே, குளிர்ந்து கிடந்த அறைகள் பாதி சரியாகிவிடும். ரேடியேட்டர் வென்ட்களை மட்டும் வேகமான வகைக்கு மாற்றுவது இதற்குப் பதில் ஆகாது. அவை நீரைத் துப்பத் தொடங்கும், பாய்லருக்கு அருகிலுள்ள அறை வெந்துபோகும்.

மெயின் முழுதும் சூடு, ஆனால் இரண்டு மூன்று ரேடியேட்டர் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் அந்த வென்ட்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒற்றைக் குழாய் ரேடியேட்டரின் வால்வ் முழுதும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுதும் மூடியிருக்க வேண்டும். பாதி திறந்தால் நீராவி உள்ளே போகும் அதே வழியில் நீர் வெளியே வர முடியாமல் தேங்கிச் சத்தமிடும். ரேடியேட்டர் வால்வ் பக்கம் சற்றுச் சாய்ந்து இருக்கிறதா என்று மட்டப் பலகை வைத்துப் பாருங்கள். தரை இறங்கி எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் கால்களுக்கு அடியில் துண்டு வைத்து உயர்த்துவதுதான் வைத்தியம்.

எல்லா ரேடியேட்டரும் முழுதும் சூடான பிறகு பர்னர் அணைந்து அணைந்து எரிகிறதா? பாய்லர் உண்டாக்கும் நீராவி ரேடியேட்டர்கள் குளிரவைக்கும் அளவைவிட அதிகம் என்று பொருள். இரவில் தெர்மோஸ்டாட்டைப் பத்து டிகிரி இறக்கி வைத்து விடிகாலையில் ஏற்றினால் எந்த பாய்லரும் கொஞ்ச நேரம் இப்படிச் செய்யும். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறக்காமல் இருப்பது உத்தமம். சாதாரண நாளிலும் இப்படியே நடந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேடியேட்டர்களின் அளவு சதுர அடி ஈடிஆர் என்ற அலகில் சொல்லப்படும், ஒரு சதுர அடிக்கு மணிக்கு 240 பிடியு. வீட்டு ரேடியேட்டர்களை எல்லாம் அளந்து கூட்டினால் 320 வருகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 76,800 பிடியு. பாய்லரின் பெயர்ப்பலகையில் நீராவிச் சதுர அடி 500 என்று இருந்தால் 1,20,000 பிடியு. குழாய்களுக்காக அதற்கு மேல் 33 சதவீதத்தைத் தயாரிப்பாளர் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டுத்தான் அந்த 500ஐ அச்சடிக்கிறார். ஆகவே இந்த பாய்லர் 180 சதுர அடி அதிகம். எந்தத் திருகைத் திருப்பியும் இதைச் சரிசெய்ய முடியாது. அழுத்தக் குறைப்பு அதன் கெடுதலைக் கட்டுக்குள் வைக்கும், அவ்வளவே. அடுத்த பாய்லர் வாங்கும்போது பழைய பலகையைப் பார்த்து வாங்காமல் ரேடியேட்டரை அளந்து வாங்குங்கள். எண்ணெய் பர்னராக இருந்தால் எண்ணெயைத் தெளிக்கும் நாசலைச் சிறியதாகப் போட முடியுமா என்று பரிசோதனைக் கருவி வைத்திருக்கும் தொழில்நுட்பரிடம் கேட்கலாம். நீங்களாக மாற்றினால் புகையும் கார்பன் மோனாக்சைடும் வரும்.

முள் ஒரே இடத்தில் நிற்காமல் குதிக்கிறது, கண்ணாடியில் நீர்மட்டமும் மேலும் கீழும் ஆடுகிறது என்றால் அது அழுத்தக் கோளாறு அல்ல. நீரின் மேல் எண்ணெய் மிதக்கிறது. புதிதாகக் குழாய் மரை வெட்டிப் பொருத்திய பாய்லரில் இது சகஜம். கொதிக்கவிடாமல் நீரைச் சூடாக்கி, நீரின் மேற்பரப்பை வழித்தெடுக்கும் ஸ்கிம் துவாரம் வழியாகப் பென்சில் தடிமனில் நீர் மெதுவாக வழியும்படி சில மணி நேரம் விட்டால் எண்ணெய் வெளியேறும். நீரை அடியில் திறந்து வடித்தால் எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும்.

இரட்டைக் குழாய் வீடுகளில் ஒவ்வொரு ரேடியேட்டரின் வெளியேறும் முனையிலும் டிராப், அதாவது நீரையும் காற்றையும் விட்டு நீராவியைத் தடுக்கும் வால்வ், இருக்கும். அது பழுதாகித் திறந்தே நின்றால் நீராவி ரிட்டர்ன் குழாய்க்குள் புகுந்துவிடும், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் ஆகும், அடுத்த ரேடியேட்டரில் காற்று வெளியேற வழியில்லாமல் போகும். இந்த நிலையில் அழுத்தத்தைக் கூட்டினால் சில நாள் சூடு வருவது போலத் தோன்றும். பழுதான டிராப்புக்கு வயது ஏறுவதைத் தவிர வேறெதுவும் நடந்திருக்காது. ரிட்டர்ன் குழாய் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறதா என்று பார்த்தால் எந்த டிராப் என்று தெரிந்துவிடும். அதன் உள்ளிருக்கும் உறுப்பை மட்டும் மாற்றினால் போதும்.

கை வைக்கக் கூடாதவை

சேஃப்டி வால்வ் 15 பிஎஸ்ஐயில் திறக்கும், அதன் வெளியேற்றுக் குழாய் தரையை நோக்கி இருக்க வேண்டும். சொட்டுகிறது என்று அதை அடைக்காதீர்கள், குழாயில் மூடியும் போடாதீர்கள். சொட்டினால் மாற்றுங்கள்.

கண்ணாடியில் நீரே தெரியவில்லை, பாய்லர் சுடுகிறது என்றால் உடனே சுவிட்சை அணைத்து, முழுதாக ஆறும் வரை நீர் விடாதீர்கள். காய்ந்த இரும்பில் குளிர்நீர் பட்டால் வெடிப்பு விடும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். மிதவை வகை நீர்க்குறைவு கட்டுப்பாடு இருந்தால் சூட்டுப் பருவத்தில் வாரம் ஒருமுறை அதன் வால்வைத் திறந்து சேற்றை வெளியேற்ற வேண்டும். அப்படித் திறக்கும்போது பர்னர் அணைகிறதா என்று பார்ப்பதுதான் அதன் சோதனையும்.

பாய்லர் அருகில் ரிட்டர்ன் குழாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சென்று சேரும் வளைவு ஹார்ட்ஃபோர்ட் லூப். 1919இல் ஒரு பாய்லர் காப்பீட்டு நிறுவனம் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ரிட்டர்ன் குழாய் ஓட்டையானாலும் பாய்லர் முழுதும் வடிந்துபோகாமல் இது தடுக்கிறது. குழாய் மாற்றும்போது ‘தேவையில்லாத சுற்று’ என்று இதை நீக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கீழ்த்தள மெயின் குழாய்கள் மூடப்படாமல் இருந்தால் ஒரு அங்குலக் கண்ணாடியிழை உறை போடுங்கள். நீராவி வழியிலேயே குளிர்ந்துபோவது குறையும், ரேடியேட்டர்கள் சீராக நிரம்பும். வெள்ளையாக, மாவுக் கட்டு மாதிரி இருக்கும் பழைய உறை ஆஸ்பெஸ்டாஸ் ஆக இருக்கலாம். அதைத் தொடாமல் அதற்கென உரிமம் பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன், பன்றிவாலைக் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும். கடைசியாக எந்தத் தேதியில் கழுவினீர்கள், எந்த அழுத்தத்தில் அணைந்தது, எதில் பற்றியது என்று ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். அடுத்து வரும் சர்வீஸ் ஆள் அழுத்தத்தைக் கூட்டக் கையை நீட்டினால் முதலில் அந்த அட்டைதான் அவர் கண்ணில் படும்.